ஓம் என்றால் போன், இல்லை என்றால் ஈமெயில்

வணிகச் சட்டக் கம்பனிகளுக்கு விண்ணப்பம் போடுவது ஒரு முழுநேர வேலை. சம்பளம் ஒன்றுதான் இல்லை.

சிட்னியில் சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். படிப்பு முடிவதற்கு முந்தைய வருடம், கோடை விடுமுறையில் சில வாரங்கள் வேலை பழக இந்தக் கம்பனிகள் மாணவர்களை எடுக்கும். அதற்குப் பெயர் கிளார்க்ஷிப். அதில் நுழைந்தவர்களுக்கே பெரும்பாலும் பிறகு நிரந்தர வேலையும். அந்த ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அப்புறம் பின்கதவு தேடி அலைய வேண்டியதுதான். என் பருவம் போன வருடம் வந்தது. மார்க்ஸ் சுமார். அந்தக் கம்பனிகளின் உயர்ந்த மாடிகளில் எங்களுக்குத் தெரிந்த ஒரு ஆள்கூட இல்லை. அப்பா பஸ் ஓட்டுகிறார், அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். என்னிடம் தாராளமாக இருந்தது பயம் மட்டும்தான். நீங்களும் இந்த வழியால் போய் முழங்காலை உரசிக்கொண்டவர் என்றால், ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கள்.

தலைமை தாங்கிய அனுபவம்

எல்லா விண்ணப்பத்திலும் இந்தக் கேள்வி இருக்கும்: நீங்கள் தலைமை தாங்கி ஒரு சிக்கலைத் தீர்த்த அனுபவத்தை விவரிக்கவும். என்னோடு படித்தவர்கள் படகுப் போட்டிக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர்கள், பனிச்சறுக்கு பழக்கியவர்கள். நான் டூங்கபியில் எங்கள் குசினி மேசையில் லாப்டொப்பைத் திறந்துவைத்து, வெறும் பக்கத்தில் மின்னும் கர்சரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே கேட்டார், "தேர்த் திருவிழாவிலை அன்னதான வரிசையை ஆர் பாத்தது?"

உண்மைதான். அன்று சனம் குவிந்து சாம்பார் முடியப் பார்த்தது. நிர்வாகசபை அங்கிள் ஒருவர் வரிசையை நிறுத்து என்றார், இன்னொருவர் நிறுத்தினால் கோயிலுக்கு அவமானம் என்றார். இருவருக்கும் நடுவில் நின்று சமாளித்தது நான்தான். உற்சாகம் வந்துவிட்டது. முரண்பட்ட தரப்பினரின் நலன்களைச் சமன்செய்து, வளப் பற்றாக்குறைக்கு மத்தியிலும் சேவை தடைப்படாமல் காத்தேன் என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதி, அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அம்மா கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார், "உது நீ சாம்பாருக்குள்ளை சுடுதண்ணி விட்டதைத்தானே சொல்லுறாய்?"

ஆளில்லா நேர்முகம்

அடுத்த கட்டம் வீடியோ. எதிரில் ஆள் கிடையாது. திரையில் கேள்வி வரும், யோசிக்கக் கொஞ்ச நேரம், பிறகு சிவப்புப் புள்ளி எரியும், நீங்கள் உங்கள் முகத்தைப் பார்த்தே பேச வேண்டும். ஒரு தடவைதான். பிழை விட்டால் அழிக்க முடியாது. வீட்டில் எல்லோருக்கும் முதல்நாளே சொல்லிவைத்தேன். அம்மா மிக்ஸியைத் தொடவில்லை. தம்பி குளிக்கக்கூடப் போகவில்லை.

அப்பாதான் அதிகாலை ஷிப்ட் முடித்து அசதியில் நித்திரையாகி எழுந்தவர், மறந்துவிட்டார். இடுப்பில் கட்டிய சாரத்தோடும் கையில் தேத்தண்ணியோடும் உள்ளே வந்தார். நான் யாரோடோ மரியாதையாகக் கதைப்பதைப் பார்த்தார். சாரத்தைச் சரிசெய்து, என் தோளுக்கு மேலால் குனிந்து கமராவைப் பார்த்து, "குட் ஆப்டர்நூன் சேர், ஹேவ் யூ ஈட்டன்?" என்றார். பதில் வராததால் இன்னொரு முறையும் கேட்டார். புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. எல்லாம் பதிவானது. அப்பாவைக் கூட்டிப்போன பிறகு நான் அழுதேன், ஒளிக்கவில்லை. அப்பா கதவுக்கு வெளியில் நின்று சொன்னார், "வீட்டுக்கு வந்த ஆளோடை ஒரு வார்த்தை கதைக்காமல் போறது மரியாதையே, பிள்ளை?"

பாலத்தைப் பார்த்தல்

அப்படியிருந்தும் ஒரு கம்பனி என்னைத் தங்கள் மாலை நேரச் சந்திப்புக்குக் கூப்பிட்டது. அது கம்பனியைச் சுற்றிப் பார்க்கும் நாள் என்று எழுதியிருந்தார்கள். உண்மையில் அவர்கள் எங்களைச் சுற்றிப் பார்க்கும் நாள். உயரமான மாடி, கண்ணாடிக்கு அப்பால் துறைமுகமும் பாலமும். வட்டம் வட்டமாக நின்று சிரிக்கிறார்கள்; எந்த வட்டத்துக்குள்ளும் நுழைய இடைவெளி இல்லை. அன்று வெள்ளிக்கிழமை வேறு. தட்டில் வந்த எதுவும் மரக்கறியா மச்சமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பசி வயிற்றோடு கண்ணாடி ஓரம் போய், பாலத்தை ரசிப்பதுபோல் நின்றேன்.

பக்கத்தில் இன்னொருவரும் பாலத்தை ரசித்துக்கொண்டிருந்தார். என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "தமிழா?" என்றார். கார்த்திக். மெல்பர்னில் டார்னெய்ட்டில் வீடு. இரண்டு நகரத்துக்கும் விண்ணப்பம் போட்டு இதற்காகவே பறந்து வந்திருந்தார். வைன் கிளாஸில் ஆப்பிள் ஜூஸ் வைத்திருந்தார். தனியாகப் போகத்தானே பயம், சேர்ந்து போவோம் என்று இருவரும் ஒரு வட்டத்துக்குள் நுழைந்தோம். கம்பனியின் பங்குதாரர் ஒருவர் தன் பாய்மரப் படகைப் பற்றி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கார்த்திக்கும் விழுந்து விழுந்து சிரித்தார். ஒன்றும் விளங்காவிட்டாலும், இவருக்கு விளங்கியிருக்கிறதே என்ற நம்பிக்கையில் நானும் சிரித்தேன். லிஃப்டில் இறங்கும்போது அவர் மெதுவாகக் கேட்டார், "அந்த ஜோக் என்னன்னு சொல்லுங்களேன்? நீங்க சிரிச்சீங்கன்னுதான் நானும் சிரிச்சேன்."

விடைபெறுதல்

அதே கம்பனியின் கடைசி நேர்முகம். இரண்டு பங்குதாரர்கள். நன்றாகத்தான் போனது, போனதாக நினைத்தேன். முடிந்து எழுந்தபோதுதான் வினை வந்தது. எங்கள் வீட்டில் வெளிக்கிடும்போது 'போறன்' என்று யாரும் சொல்ல மாட்டோம். போட்டு வாறன் என்றுதான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அம்மா திரும்பக் கூப்பிட்டு இருத்தி, தண்ணீர் குடிக்கவைத்துத்தான் அனுப்புவார். வெறுமனே பை பை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நான் பதற்றத்தில் கதவைப் பிடித்தபடி, சரியான ஆங்கிலத்தில், போய்விட்டு வருகிறேன் என்று உறுதியாகச் சொன்னேன். பங்குதாரர்களில் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்திருந்த அம்மையார், கேலியே இல்லாமல் கேட்டார், "நல்லது. எப்போது வருவீர்கள்?"

அந்த ஒரு காலை

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாக் கம்பனிகளும் ஒரே காலையில் முடிவு சொல்லும். ஓம் என்றால் போன் வரும், இல்லை என்றால் ஈமெயில் வரும். ஈமெயில்கள் விடிந்ததிலிருந்து எனக்கு ஒழுங்காகவே வந்துகொண்டிருந்தன. மிச்சம் இருந்தது அந்த ஒரு கம்பனி. அதுவும் கைவிட்டால் அவ்வளவுதான். போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன்.

கண்ணூறு படும் என்று அம்மா இந்த விஷயத்தை ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. லிட்கமில் இருக்கும் தன் சினேகிதி வசந்தி அன்ரிக்கு மட்டும்தான் சொல்லியிருந்தார். போன் அடித்தது. வசந்தி அன்ரி. "சும்மாதான் எடுத்தனான் பிள்ளை, ஒரு விசயமும் இல்லை" என்று ஆரம்பித்தார். பெரியவர்களின் போனை நாங்களாக வைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். "சரி அன்ரி, வைக்கட்டோ" என்று கேட்கக் கேட்கப் புதுக்கதை பிறக்கும். அன்ரியின் முழங்கால் நோவு நடந்துகொண்டிருக்கும்போது காதுக்குள் பீப் சத்தம். இன்னொரு அழைப்பு. பிரைவேட் நம்பர். பிறந்த நாள் முதல் செய்யாத காரியத்தைச் செய்தேன்: அன்ரியின் போனை வெட்டினேன். அதற்குள் அந்த அழைப்பு நின்றுவிட்டது. திருப்பி எடுக்க நம்பர் இல்லை, செய்தியும் வைக்கவில்லை.

இடி அதோடு நிற்கவில்லை. அடுத்த அழைப்பு கோயில் அங்கிள். "வாழ்த்துக்கள் பிள்ளை!" இன்னும் ஒன்றும் வரவில்லை என்றேன். "தன்னடக்கத்தைப் பார்" என்றார். அவர் வைக்க இன்னொருவர், அவர் வைக்க மற்றவர். டார்னெய்ட்டிலிருந்து கார்த்திக்கின் செய்தி: "எங்க அம்மாவோட வாட்ஸப் க்ரூப்ல உங்க நியூஸ் பாத்தேன். கங்கிராட்ஸ். எனக்கு இன்னும் வரல." என்ன நடக்கிறது என்று விளங்காமல் அம்மா லிட்கமுக்குப் போன் போட, வசந்தி அன்ரியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "அந்தப் பிள்ளை என்ரை போனை வெட்டுமே? வெட்டிச்சுதெண்டால் வேலை கிடைச்சிட்டுது. நான் எல்லாருக்கும் சொல்லிட்டன்!"

இல்லாத வேலைக்கு ஊரே வாழ்த்துகிறது. நாளை கோயிலில் எந்த முகத்தோடு நிற்பது? எனக்குப் போகட்டும், அப்பாவும் அம்மாவும் அங்கே என்ன சொல்லிச் சமாளிப்பார்கள்? போனை எறிந்துவிடலாமா என்று நினைத்த நேரம் மறுபடி அடித்தது. பிரைவேட் நம்பர். ஆட்சேர்ப்புப் பிரிவுப் பெண், மூச்சு வாங்கினாள்.

"அப்பாடா, கிடைத்துவிட்டீர்கள்! உங்களுக்கு ஒரு இடம் வைத்திருக்கிறோம், ஆனால் காலையிலிருந்து லைன் எங்கேஜ்டாகவே இருந்தது. மற்றக் கம்பனிகள் எல்லாம் உங்களைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன போல. எங்களைத் தேர்ந்தெடுக்க யோசிக்க வேண்டும் என்றால் நாளைவரை நேரம் தருகிறோம்."

கிளார்க்ஷிப் எடுப்பது எப்படி என்று இப்போது என்னிடம் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: மார்க்ஸையும் முன்னனுபவத்தையும் பிறகு பார்க்கலாம், முதலில் லிட்கம் பக்கம் போய் வாய் மூட மாட்டாத ஒரு அன்ரியைப் பிடியுங்கள்.