ஒரு முழக் குழாயும் உலக உறவுகளும்

"ஃப்ரிட்ஜைத் திறக்காதே, திறக்காதே! கேமரா ஓடுது."

பால் பாத்திரமும் கையுமாக மனைவி நிற்கிறார். தூதர் ஒரு கையை நீட்டி அவரைத் தடுத்துக்கொண்டே மறுகையால் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிடுகிறார். சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கும் கதவுக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன்மேல் அவர். எதிரே கவிழ்த்துப் போட்ட துணிக்கூடை, அதன்மேல் லேப்டாப். திரைக்குள் பேராசிரியர், பகை நாடுகள் முதன்முதலாகச் சந்திக்கும்போது மேசை எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை காலையில் அந்த வீட்டில் பால் காய வேண்டுமானால், பேராசிரியர் தண்ணீர் குடிக்கிற நேரம் பார்த்துத்தான் ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டும்.

"கேள்வி ஏதாவது இருக்கான்னு கேக்கறாரு. இப்ப எடுத்துக்கோ, சீக்கிரம்."

ஹாலில் மேசை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. ஆனாலும் உலக உறவுகளை அவர் அந்த இடுக்கில் உட்கார்ந்துதான் படிப்பார். அதற்குக் காரணம் உண்டு.

பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவுக்கு அவர் மேலாளர். வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஏற்றுமதிப் பிரிவின் தலைவர் பதவிக்குப் போன முறை இவர்தான் என்று கம்பெனியே பேசிக்கொண்டது. கடைசியில் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர், இவரிடம் மூடியின் அளவு பார்க்கக் கற்றுக்கொண்ட ஆள். அவரிடம் முதுகலைப் பட்டம் இருந்தது. தூதருக்கு வயிறு எரிந்தது. அந்த ஆளும் இப்போது வேறு வேலைக்குப் போகப் போகிறார், நாற்காலி மறுபடி காலியாகிறது. இந்த முறை விடக்கூடாது என்றுதான் ஆன்லைன் எம்.பி.ஏ.வில் சேர்ந்து மாரடிக்கிறார். சிறப்புப் பாடம் சர்வதேச உறவுகள். நிதி என்றால் தலை சுற்றும், மார்க்கெட்டிங் என்றால் பொய் சொல்ல வேண்டும், உறவு என்றால் நமக்குத் தெரிந்ததுதானே என்று நினைத்து இதை எடுத்தாராம்.

தூதர் என்ற பட்டம், எம்.பி.ஏ. பட்டத்துக்கு முன்பே கம்பெனியில் கிடைத்துவிட்டது. ஒருநாள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் ஹாரன் அடிக்காமல் வண்டியைப் பின்னோக்கி எடுத்து அட்டைப்பெட்டி அடுக்கைச் சரித்துவிட்டார். சுமை ஏற்றுபவருக்கும் அவருக்கும் கைகலப்பு ஆகிற நிலை. பழைய காலமாக இருந்தால் இவர் இரண்டு பேரையும் நன்றாக வைது அனுப்பியிருப்பார், லாரியும் நேரத்துக்குக் கிளம்பியிருக்கும். இப்போதுதான் படிக்கிறாரே. எடைமேடை அறையை நடுநிலைப் பகுதியாக அறிவித்து, இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார். ஒருவர் சொன்னதை மற்றவர் தன் வாயால் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி.

"சார், இவன் என்னைக் குருடன்னு சொன்னான்."

"சரி. அவர் சொன்னதை இப்ப நீங்க திருப்பிச் சொல்லுங்க."

"நான் குருடன்னு சொன்னேனாம் சார். ஆமா, சொன்னேன். இப்பவும் சொல்றேன்."

பேச்சுவார்த்தை நீண்டுகொண்டே போனது. கடைசியில் சுமை ஏற்றுபவரே எழுந்து நின்று, "சார், மூடிய ஏத்தணுமா வேணாமா, அதை மட்டும் சொல்லுங்க. லாரிக்காரர் கத்தறாரு" என்று கெஞ்சினார். இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோடாத குறையாக வெளியேறினார்கள். தன் முதல் வெற்றியென்று தூதர் இன்றும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறார்.

இப்பேர்ப்பட்ட மனிதர், தலைக்கு மேல் குடியிருக்கும் சொந்தத் தம்பியோடு பேசுவதில்லை.

வீடு ஒன்று, கீழே அண்ணன், மேலே தம்பி. தம்பி லிஃப்ட் பழுதுபார்க்கிற மெக்கானிக். சில வருஷத்துக்கு முன்னால் மேலே புதுச் சலவை இயந்திரம் வந்தது. அதன் கழிவுநீர்க் குழாய் நேராக வெளியே நீட்டிக்கொண்டு, தூதரின் ஹால் ஜன்னலுக்கு எதிரே சோப்புத் தண்ணீரைக் கொட்டியது. "ஒரு வார்த்தை கேக்கலையே, ஒரு வார்த்தை!" என்று தூதர் வாசலில் நின்று கத்தினார். "கத்தறதுக்குப் பதிலா மேல வந்து சொல்லியிருக்கலாமே" என்று தம்பி மாடியிலிருந்து சொன்னான். அதோடு முடிந்தது பேச்சு. ஒரு முழக் குழாயும் ஒரு வளைவும் போட்டால் தண்ணீர் சாக்கடைக்குப் போய்விடும். குழாய்க்காரர் ஒருமுறை வந்தும் பார்த்தார். குழாயை வாங்கிப் போட்டால் தப்பு தன்மேல் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தம்பி நினைத்தான். தன் சுவரில் ஆணி அடிக்க விட்டால் சமாதானமாகப் போய்விட்டதாகிவிடும் என்று அண்ணன் நினைத்தார். குழாய்க்காரர் இரண்டு வீட்டிலும் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

"உலகத்துல இருக்கிற நாட்டையெல்லாம் சேர்த்து வைப்பாரு. மாடிப்படி மட்டும் ஏற மாட்டாரு" என்கிறார் மனைவி.

"நான் மூத்தவன். இளையவன்தான் முதல்ல வரணும். அதுக்குப் பேரு புரோட்டோகால், உனக்குப் புரியாது" என்கிறார் தூதர்.

மனைவியும் தம்பி மனைவியும் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது மணிக்கணக்கில் பேசிக்கொள்வது அவருக்குத் தெரியும். அதற்குப் பாடப் புத்தகத்தில் மறைமுக ராஜதந்திரம் என்று ஒரு பெயர் இருக்கிறது, கௌரவமான பெயர்தான். அதனால் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறார்.

சண்டை வந்த புதிதில் மாடி வீட்டுப் பொருள் ஒவ்வொன்றையும் திருப்பிக் கொடுத்தார். ஏணி போனது, துளைபோடும் இயந்திரம் போனது, இரவல் வாங்கிய ஒரு குடைகூடப் போனது. திரும்பப் போகாமல் தங்கிவிட்டது ஒன்றே ஒன்று, வைஃபை. இணைப்பு தம்பி பெயரில் இருக்கிறது. உறவு நன்றாக இருந்த காலத்தில் தம்பியே இவர் போனில் பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்திருந்தான். அதை மட்டும் இவர் மறந்துவிட்டார், அல்லது மறந்ததாக வைத்துக்கொண்டார். தனியாக ஓர் இணைப்பு வாங்கிக்கொள்ளுங்கள் என்று மனைவி சொன்னால் சட்டம் பேசுவார்.

"காத்துல வர்றது யாருக்கும் சொந்தமில்ல. நடுக்கடல் மாதிரி அது. எந்தக் கப்பலும் போகலாம்."

முதலில் கீழே எங்குமே சரியாக எடுக்கவில்லை. லேப்டாப்பைக் கையில் ஏந்தி வீடு முழுக்கச் சுற்றித் திரிந்தார். ஒருநாள் திடீரென்று ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் சிக்னல் கோடுகள் முழுக்க நிறைந்து நின்றன. அன்றிலிருந்து அதுதான் அவர் வகுப்பறை. எதிரியின் கண்ணில் படாமல் எதிரியின் வளத்தைப் பயன்படுத்துவது பற்றி அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இறுதித் தேர்வு ஒரு மாதிரிப் பேச்சுவார்த்தை. இரண்டு மாணவர்கள், இரண்டு கற்பனை நாடுகள், நடுவே ஓர் ஆறு. மேலே இருக்கிற நாடு ஆலைக் கழிவுநீரை ஆற்றில் விடுகிறது, கீழே இருக்கிற நாடு தவிக்கிறது. தூதருக்கு மேலே இருக்கிற நாடு கிடைத்தது.

அவர் ஆடிப்போய்விட்டார். "சார், எனக்குக் கீழ்நாடு கொடுங்க. அதுல எனக்கு அனுபவம் இருக்கு" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டார். அதனால்தான் மேல்நாடு கொடுத்தேன் என்பதுபோல ஒரு பதில் வந்தது. அன்று தேர்வுக்கு வராவிட்டால் அடுத்த வருஷம்தான் மறுவாய்ப்பு. அதற்குள் ஏற்றுமதி நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்த வாரம் முழுக்க அவர் சமையலறையில் தம்பிக்காக வாதாடிப் பழகினார். தண்ணீர் கீழ்நோக்கித்தான் ஓடும், அது எங்கள் குற்றமா? எங்கள் வளர்ச்சியை நாங்கள் நிறுத்த முடியுமா? மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதையெல்லாம் தம்பி ஒருநாள்கூடச் சொன்னதில்லைங்க. நீங்க அவரைவிட நல்லா சொல்றீங்க."

தூதர் முறைத்தார்.

தேர்வு நாளும் வந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். லேப்டாப்பைத் திறந்தார். கோடு ஒன்றும் இல்லை. மூடித் திறந்தார். ஃப்ரிட்ஜை நகர்த்திப் பார்த்தார். கையிலிருந்த போனில் முயன்று பார்த்தார், ஆனால் கீழ்வீட்டில் போன் பேசுவதற்கே வாசலுக்கு ஓட வேண்டும். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"பாஸ்வேர்டை மாத்திட்டான். இன்னிக்கின்னு பாத்து மாத்திட்டான்!"

"போய்க் கேளுங்க" என்றார் மனைவி.

"நானா?"

"பின்ன நானா பரீட்சை எழுதறேன்? படி ஏறினா நாடு ஒண்ணும் பறிபோயிடாது. போங்க."

லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு தூதர் மாடி ஏறினார். மேலே கதவு திறந்தே இருந்தது. தம்பி சமையலறைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். வாயில் ஒரு திருப்புளி, கையில் ஒரு கம்பி. நிமிர்ந்து பார்த்தான். திருப்புளியை வாயிலிருந்து எடுத்தான்.

"வெளிய லைன் அறுந்திருக்கு. ஆளு மதியம்தான் வருவானாம். ரவுட்டரையும் அணைச்சுப் போட்டுட்டுக் காலையிலேருந்து நானும் நோண்டிட்டிருக்கேன். உனக்கு இன்னிக்குப் பரீட்சைன்னு அண்ணி சொன்னாங்களாமே."

தூதரின் கண் அவன்மேல் இல்லை. தரையில், சுவரோரமாக, ஒரு மரப்பலகைமேல் ரவுட்டர் இருந்தது. அது ஹாலில் டிவிக்கு மேலே இருந்த ரவுட்டர். அங்கிருந்து சமையலறை வரைக்கும் நீளமாக ஒரு கம்பி இழுத்து, தரையோடு ஒட்டி ஒட்டி ஆணி அடித்திருந்தது. இரண்டு வீடும் ஒரே அமைப்பு. ரவுட்டர் இருந்த இடத்துக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று கணக்குப்போட அவருக்கு எம்.பி.ஏ. தேவைப்படவில்லை.

"இது ஹால்ல இருந்ததே" என்றார். அந்தச் சண்டைக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"அங்க ரொம்ப சூடாகுது" என்றான் தம்பி.

சமையலறையைவிட ஹால் சூடு என்று சொன்ன முதல் மெக்கானிக் அவனாகத்தான் இருப்பான். ஹாலுக்குள்ளிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது. "இங்க டிவியில ஒரு படம் சுத்தாம ஓடி எவ்வளவு நாளாச்சு! கேட்டா சூடாம், சூடு!"

தூதர் குனிந்து அந்தக் கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு இருமினார். தம்பி தன் போனை எடுத்து நீட்டினான்.

"என் போன்ல கனெக்ட் பண்ணிக்கோ. மேல நல்லா எடுக்கும்."

"பாஸ்வேர்ட்?"

"பழசுதான்."

உலக உறவுகளின் இறுதித் தேர்வை தூதர் மாடி வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதினார். போன் நடுவில் இருந்தது. அதை விட்டுவிட்டு எழுந்து போக முடியாமலோ என்னவோ, தம்பி எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். திரையில் கீழ்நாட்டுக்காக ஒரு வங்கி அதிகாரி அம்மாள் பொரிந்து தள்ளினார். எங்கள் கண்ணெதிரே கொட்டுகிறீர்கள், எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா, ஒரு வார்த்தை? தூதருக்கு அந்தப் பேச்சு முழுக்க மனப்பாடம். எதிரே உட்கார்ந்திருந்தவனுக்கும் மனப்பாடம்.

பேராசிரியர் மேல்நாட்டை அழைத்தார். வாரம் முழுக்கப் பழகிய வாதம் நாக்கு நுனியில் இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.

"மேலே இருப்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை" என்றார் ஆங்கிலத்தில். மெதுவாக, வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. "கீழே இருந்து யாராவது ஒருவர் மேலே வந்து கேட்டிருந்தால், அன்றைக்கே அந்தக் குழாயைத் திருப்பியிருப்பார்கள். கீழே இருந்தவர்கள் வரவில்லை. வாசலில் நின்று கத்தினார்கள். அது தப்பு."

பேராசிரியர் குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "எந்தக் குழாய்? இது ஆறு அல்லவா?"

தம்பிக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, வேலை முடிந்துபோன கம்பியை மறுபடி சீவத் தொடங்கினான்.

தூதர் தேறிவிட்டார். தன் தரப்பை மறந்து பேசியதற்காக மதிப்பெண் குறைக்கப்பட்டது. ஆனாலும் எதிர்த்தரப்பு அம்மாள் உடன்பாட்டுக்கு உடனே ஒத்துக்கொண்டதால் பேராசிரியரால் முழுக்கக் கைவிட முடியவில்லை. ஏற்றுமதிப் பதவிக்கு மனு போயிருக்கிறது. வைஃபை ஆள் வந்து லைனைச் சரிசெய்துவிட்டார். ரவுட்டர் இன்னும் சமையலறைத் தரையில்தான் இருக்கிறது, ஹாலின் சூடு தணியவில்லை போலும். தேர்வு நாளைப் பற்றி அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. குழாயும் திரும்பவில்லை. யார் முன்கை எடுப்பது என்பது இரு தரப்பிலும் ஆலோசனையில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை மேலே சலவை இயந்திரம் கடகடக்க, சோப்புத் தண்ணீர் ஜன்னல் எதிரே விழ ஆரம்பிக்கிறது. முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டதும் தூதர் ஜன்னலை அறைந்து சாத்துவார். இப்போது ஒரு வாளியோடு வெளியே வருகிறார். குழாய்க்கு நேராக வைத்து, காலால் கொஞ்சம் தள்ளிச் சரிபார்க்கிறார். மேலே கைப்பிடிச் சுவரோரம் தம்பி வேறெங்கோ பார்த்தபடி நிற்கிறான். வாளி நிறைகிறது. வாசலில் அவருடைய பைக்கும் தம்பியின் ஸ்கூட்டரும் பக்கத்துப் பக்கத்தில் தூசி படிந்து நிற்கின்றன. தூதர் இரண்டையும் ஒருமுறை பார்க்கிறார். பிறகு ஒரு பழைய துணியை வாளியில் முக்கிப் பிழிந்து, ஸ்கூட்டரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்காருகிறார்.