வாலில் வைத்த பெட்டி

அந்தச் சின்ன விமான நிலையத்தில் பதினேழு வருடமாகச் சரக்கு ஏற்றுகிறவர் அவர். கனமான பெட்டி முன்னால், இலேசானது வால்பக்கம்; வால் கனத்தால் விமானம் மூக்கைத் தூக்கிவிடும். தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். அன்று தோள்வலி என்பதால் கடைசிப் பெட்டிக்கு லாரி டிரைவர் ஒரு கை கொடுத்தார். இலேசாகத் தெரிந்தது, வாலில் வைத்தார்.

"தராசுல வச்சீங்களா மச்சான்?" என்று கேட்டார் விமானி, அவருடைய தங்கை கணவர்.

"என் தங்கச்சிய நம்பிக் கட்டுனீங்க, என் கைய நம்ப மாட்டீங்களா? கிளம்புங்க மாப்ள."

தரையை விட்டதுமே விமானத்தின் மூக்கு செங்குத்தாக நிமிர்ந்தது. வேகம் செத்து, ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது.

நினைவில்லாத மாப்பிள்ளையை ஆம்புலன்ஸ் கொண்டுபோனது. புல்லில் கிடந்த அந்தப் பெட்டியை அவர் தனியாகத் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. சட்டைப்பையில் அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது, தங்கைதான். அவர் மறுபடியும் தூக்கிப் பார்த்தார்.