துணைக்குப் போனவர்

ஆரம்பாக்கத்து ஜெபா அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவாள். பீரோ சாவியைத் தேடி வீடெல்லாம் அலைவாள். அவள் புருஷன் எட்வர்ட், கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்கீழ் வேலை பார்த்தவர்களின் பேரை அப்பன் பேரோடு இன்றைக்கும் சொல்லுவார்.

"இப்டியே போனா நாளைக்கு என்னையே யாருன்னு கேப்பே" என்று அவளைப் பொன்னேரியில் இருக்கும் ஞாபகமறதி கிளினிக்குக்கு ரயிலில் கூட்டிப்போனார்.

கிளினிக்கில் பரிசோதனை செய்யும் நர்மதா, டேப்லெட்டில் முகங்களைப் பேரோடு காட்டினாள். பிறகு முகத்தை மட்டும் காட்டிப் பேர் கேட்டாள்.

"பழசு எவ்ளோ ஞாபகம் இருக்குன்றது இல்லம்மா. இதே மூஞ்சிங்களை மாசாமாசம் காட்டுவோம். புதுசா கத்துக்க முடியலைன்னா, அது அல்சைமருக்கு முதல் அறிகுறியா இருக்கலாம்."

"நீங்களும் துணைக்குப் பண்ணுங்களேன்" என்றாள் ஜெபா, புருஷனிடம். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு டேப்லெட்டை வாங்கிக்கொண்டார். முதல் தடவை அவருக்குத்தான் மார்க் அதிகம். ரயிலில் திரும்பும்போது முழுக்க அதே பேச்சு.

அடுத்த மாதம் ஜெபா கொஞ்சம் தேறினாள். அதற்கடுத்த மாதம் அந்த முகங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களைப்போல அவளுக்குப் பழகிவிட்டன. எட்வர்ட் நின்ற இடத்திலேயே நின்றார்.

"இன்னாம்மா, படத்தை மாத்திக்கினே இருக்கீங்க?"

"அதே படந்தான் சார்" என்றாள் நர்மதா.

"இந்தக் கண்ணாடிக்காரரை நான் பாத்ததே இல்ல."

கண்ணாடிக்காரர் பேர் சடையப்பன் என்று ஜெபாவுக்குத் தெரியும். இத்தனை நாள் கேட்ட ஏச்சுக்கெல்லாம் அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். அவள் அவர் கையிலிருந்த டேப்லெட்டை வாங்கி நர்மதாவிடம் கொடுத்தாள்.

டாக்டர் இருவரையும் உட்காரவைத்தார். அம்மாவுக்குத் தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான். ஸ்கேன் எடுக்க வேண்டியது சாருக்கு என்றார். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, அல்சைமர்தான் என்றார். ஆரம்ப நிலை, மாத்திரை உண்டு. எட்வர்ட் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீடு வந்து சேர்வதற்குள், அவர் பேச்சில் வியாதி மறுபடியும் ஜெபாவுடையதாகிவிட்டது. அவர் மறந்தாரா, மறைத்தாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

காலையில் நாஷ்டா முடிந்ததும், "உன் மாத்திரை" என்று தன் மாத்திரையை அவளிடம் நீட்டுவார்.

"டாக்டர் ரெண்டு பேரையும் போடச் சொன்னாரு" என்று அதை அவர் கையிலேயே திருப்பி வைப்பாள் ஜெபா. அவர் நம்பி விழுங்கும்வரை, தானும் ஒரு சத்து மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு காத்திருப்பாள்.