காலாவதியான பிலிமில் ஒரு தம்பதி

பாப்பாரப்பட்டியில் ஒரு ஸ்டுடியோவைக் காலி செய்தபோது, அதை நடத்தியவர் ஓர் அட்டைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். "எல்லாம் கலர் பிலிமுங்க. டேட் முடிஞ்சு பதினஞ்சு வருசம் இருக்கும். நீங்களே கொண்டு போயிருங்க" என்றார். திறந்தால் எலிப்புழுக்கை, மூத்திர வாடை. நானோ அதைப் புதையல் போல பைக்கில் கட்டிக்கொண்டு வந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிலிம் கேமராவோடு சுற்றுவேன். கெட்டுப்போன பிலிமில் நிறங்கள் திரிந்து ஊதாவும் பச்சையுமாக வரும். அதை ரசிக்க இணையத்தில் ஒரு கூட்டம் உண்டு. அவர்களுடைய பாராட்டுக்கு ஏங்கிக் கிடந்தேன்.

ஒகேனக்கலில் மீன் வறுத்து விற்கும் ஓர் அக்காவிடம் வழக்கமாகச் சாப்பிடுவேன். ஒரு ஞாயிறு பரிசல் ஓட்டும் அவர் கணவரும் கடையில் இருந்தார். கேமராவைப் பார்த்ததும் அந்த அக்கா கேட்டார்: "சார், எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா ஒரு போட்டோ புடிச்சுத் தர்றீங்களா? கல்யாண போட்டோ வெள்ளத்துல போயிருச்சு. போன்ல எடுக்கறது போனோடயே போயிருது. வூட்ல மாட்டணும்."

அவர் கணவர் ஆற்றில் முகம் கழுவி வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார் அக்கா. கேமராவில் இருந்தது அந்தப் பெட்டியின் பழைய பிலிம் என்பதால், வெளிச்சம் கூடுதலாக விழும்படி வைத்து ஒரே ஒரு படம் எடுத்தேன். பிலிம் கெட்டது என்று சொல்லவில்லை. பையில் இருந்த போனில் இன்னொன்று எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

வீட்டுக் குளியலறையில் கெமிக்கலைச் சூடாக்கி அந்த ரோலைக் கழுவினேன். "என்னங்க, எலி ஏதாச்சும் செத்துக் கெடக்குதா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள் மனைவி. பிலிமின் மேல்பூச்சு சளி போல உரிந்து விரல்களில் ஒட்டியது. மூன்று முறை சோப்புப் போட்டும் அந்தப் பிசுபிசுப்பு போகவில்லை.

ஸ்கேன் செய்து பார்த்தேன். அக்காவின் முகம் ஊதாவாகக் கன்றியிருந்தது. கணவரின் ஒரு கன்னத்தையும் கண்ணையும் பூசணம் தின்றிருந்தது. ஆனால் குமட்டலோடு கூடவே எனக்குள் ஒரு சந்தோஷமும் எழுந்தது. அதுதான் இன்றைக்கும் என்னை அருவருக்க வைக்கிறது. உடனே இணையத்தில் போட்டேன். 'அழுகலின் அழகு' என்று ஒருவர் எழுதினார். 'மனிதர் கரைந்துகொண்டே நிற்கிறார்' என்றார் இன்னொருவர். எல்லோருக்கும் நன்றி சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அதையே பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோனேன். அக்கா நெடுநேரம் பார்த்தார்.

"இவரு மொகத்துக்கு என்னாச்சு சார்?"

"டேட் முடிஞ்ச பிலிம்க்கா. அப்படித்தான் வரும்."

"தெரிஞ்சேதான் புடிச்சீங்களா?"

நான் கேமரா வாரை இழுத்துச் சரிசெய்தேன்.

"கெட்டுப்போன மீன மசாலா தடவி உங்க தட்டுல வெச்சா, நீங்க சும்மா இருப்பீங்களா?" அவர் குரலை உயர்த்தவே இல்லை.

கணவர் படத்தை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். தன் கன்னத்தை ஒரு முறை தடவிக்கொண்டார். "செத்து நாலு நாளானவன் மாதிரி இருக்கறேன்" என்று சிரித்தார். போனில் இன்னொரு படம் எடுக்கிறேன் என்றேன். "ஆள் காத்திருக்காங்க சார்" என்று பரிசல் துறைக்கு இறங்கிப் போய்விட்டார். அக்கா படத்தை என் கையிலேயே திணித்தார். "இத வூட்டுக்குள்ள கொண்டு போவ மாட்டேன்."

திரும்பும் பேருந்திலேயே பதிவை நீக்கினேன். அதற்குள் அந்தப் படம் பல பக்கங்களுக்குப் போயிருந்தது. எடுத்துவிடச் சொல்லிக் கேட்டதற்கு, "கலைஞன் இதற்கெல்லாம் கூச்சப்படலாமா?" என்று ஒருவர் பதில் எழுதினார். எனக்குக் காறித் துப்பத் தோன்றியது, முதலில் என் மேல்.

புது ரோலோடு மூன்று ஞாயிறுகள் போய் நின்றபிறகே அவர் கணவர் சம்மதித்தார். சாதாரணப் படம்தான். சட்டை வெள்ளை, ஆறு பழுப்பு. அக்கா இரண்டு முகங்களையும் உற்றுப் பார்த்தார். "இது இவரு" என்று மட்டும் சொல்லி, ஈரம் படாமல் பையில் வைத்துக்கொண்டார். என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை.

மிச்ச ரோல்களைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். அந்த முதல் படம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரமும் யாரோ அதைப் போட்டு, கீழே என் பெயரை எழுதி, கைகூப்பும் இமோஜி வைத்திருந்தார்கள். தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துகொண்டேன்.