படகின் வயிற்றிலிருந்த பஞ்சு

கல்யாணமாகி மண்ணூருக்கு வந்தபோது, எங்களுக்கென்று சொல்லியிருந்த அறையில் ஒரு படகு படுத்திருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட கொட்டகை ஒன்று. "இப்போதிக்கு கூடத்துல படுத்துக்கட்டும், கொட்டாய காலி பண்ணிக் குடுத்துடறோம்" என்று பெண் பார்க்க வந்த அன்றே மாமியார் என் அப்பாவிடம் சொல்லியிருந்தார். விறகு, மூட்டை, கிழிந்த பாய் ஏதாவது கிடக்கும் என்று அப்பா வீட்டில், குன்றத்தூரில் உட்கார்ந்து நானும் நினைத்துக்கொண்டேன். படகை யார் நினைப்பார்கள்?

அது என் கணவரின் அண்ணன், அதாவது என் மூத்தாருடையது. அவர் ஒரு கம்பெனியில் டிரைவர். அங்கே மேனேஜராக இருந்தவர் ஊரை விட்டுப் போகும்போது, ஞாயிற்றுக்கிழமைகளில் உல்லாசமாகச் சுற்ற வைத்திருந்த பழைய ஃபைபர் படகை இவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். இவருக்கோ தலைகால் புரியவில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஏரியில் விட்டு, மாதா கோயில் திருவிழாவுக்கு வருகிற ஜனங்களை ஏற்றிச் சுற்றப்போகிறாராம்.

உள்ளறையில் அவரும் ஓரகத்தியும் பிள்ளைகளும். கூடத்தில் நாங்கள் இரண்டு பேர், கதவோரமாக மாமியார். அந்த அம்மாவுக்குத் தூக்கம் என்பதே கிடையாது. நான் புரண்டு படுத்தால் போதும், "இன்னாம்மா, தண்ணி வோணுமா?" என்று குரல் வரும். கட்டிய புருஷனோடு நாலு வார்த்தை பேச நான் கிணற்றடிக்குப் போக வேண்டியிருந்தது. படகு ஏரிக்குப் போனால் கொட்டகை எங்களுக்கு. போகாவிட்டால் கூடம்தான். ஆகவே அந்தப் படகு மிதக்க வேண்டுமென்று அந்த வீட்டிலேயே மாதாவிடம் அதிகம் வேண்டிக்கொண்டவள் நான்தான்.

முதல் தடவை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏற்றுவதற்கே தெருவில் இருந்த ஆம்பிளைகள் எல்லோரும் வர வேண்டியிருந்தது. ஏரியில் இறக்கினால், எருமை தண்ணீரில் படுத்த மாதிரி விளிம்பு மட்டும் தெரிகிறது. ஒரு ஆள் ஏறினால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். இருட்டுவதற்குள் படகு கொட்டகைக்கே திரும்பி வந்து சேர்ந்தது. நான் அடுப்படியில் வெங்காயம் உரிக்கிற சாக்கில் அழுதேன்.

கம்பெனியில் யாரையோ விசாரித்துவிட்டு வந்த மூத்தார், படகின் தரையை ரம்பத்தால் அறுத்துத் திறந்தார். உள்ளே மஞ்சளாக, பஞ்சு மாதிரியும் இல்லாமல் கட்டை மாதிரியும் இல்லாமல் ஏதோ அடைத்து வைத்திருந்தது. விரலால் அழுத்தினால் காபியில் ஊறிய ரஸ்க் போலத் தண்ணீர் கசிந்தது.

"இன்னா மாமா இது?"

"ஃபோம். போட் முழுகாம இருக்கறதுக்கு உள்ள வெச்சிகீறாங்க. வருசக்கணக்கா தண்ணி குடிச்சி ஊறிப்போய் கீது. அதான் கனம். இத எடுத்தாதான் மிதக்கும்."

எனக்குத் தலை சுற்றியது. "முழுகாம இருக்க வெச்சத எடுத்தாதான் மிதக்குமா?"

"ஆமா."

"வெக்காமலே வுட்டிருந்தா?"

"அப்பவும் மிதக்கும்."

"அப்புறம் எதுக்கு வெச்சாங்க?"

"கவுந்துதுன்னா அடியில போவாம இருக்க."

"இப்ப எடுத்துட்டோம்னு வெச்சிக்கோங்க. அப்புறம் கவுந்தா?"

"கவுந்தாதானே! நல்ல வார்த்த பேச மாட்டியாம்மா நீ?"

மாமியாருக்கும் இது மண்டையில் ஏறவில்லை. "பஞ்ச எடுத்தா தலகாணியே தட்டையா பூடும். போட் இன்னாத்துக்கு ஆவும்?" என்று சிலுவை போட்டுக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பேசியது எனக்கு நியாயமாகப் பட்டது. ஆனாலும் வேலையில் இறங்கியவள் நான்தான். ஆண்கள் இருவரும் டூட்டிக்குப் போய்விடுவார்கள். அவர்கள் ஓய்வாக இருக்கும்போது செய்யட்டும் என்று விட்டால் எனக்குக் கிழவியானபிறகுதான் அறை கிடைக்கும்.

அரிவாள்மணை சரிப்படவில்லை. தோசைத் திருப்பிதான் தரைக்கடியில் சரியாக நுழைந்தது. நெம்பி நெம்பி எடுத்தேன். மேலே இருந்தது துண்டு துண்டாக உடைந்தது, அடியில் இருந்தது கூழ். பாசி நாற்றமும் மண்ணெண்ணெய் நாற்றமும் சேர்ந்து அடித்ததில் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டேன். எடுக்க எடுக்க ஒரு பயம். சரியானதைத்தான் எடுக்கிறேனா? இருக்கிற கொஞ்ச நஞ்ச மிதப்பையும் நானே தோண்டி வெளியே எறிகிறேனா? மாதாவே, எடுத்தது தப்பாக இருந்தால் படகு அடியில் போகும், அதோடு என் அறையும் போகும் என்று முனகிக்கொண்டே தோண்டினேன். தோசைத் திருப்பியைப் பார்த்துவிட்டு ஓரகத்தி என்னோடு இரண்டு வேளை பேசவில்லை.

ஃபைபர் தூள் ஏறி முழங்கை வரை அரிப்பு. ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவர் கிணற்றடியில் உட்காரவைத்துத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டார். "போட் போனதும் கொட்டாயில அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் வெச்சிக்கலாம். காத்து வரும்" என்றார். அரிப்பெல்லாம் பறந்துவிட்டது. உண்மையாகவே சொல்கிறேன், அந்த ஒரு ஜன்னலுக்காக நான் இன்னும் ஒரு படகைத் தோண்டியிருப்பேன்.

மூலையில் அதிகம் ஊறாமல் கொஞ்சம் ஃபோம் இருந்தது. அதை வெயிலில் போட்டு, என் பழைய பாவாடையைக் கிழித்து இரண்டு தலையணை தைத்தேன். ஒன்று நன்றாகக் காய்ந்தது, இன்னொன்று என்ன வெயிலுக்கும் அசையாமல் உள்ளே சில்லென்றே இருந்தது. இரண்டுக்கும் ஒரே துணி என்பதால் எது எது என்று எனக்கே அடிக்கடி குழம்பும்.

மூத்தார் தரையை ஒட்டி மூடினார். இரண்டாம் தடவை படகைத் தூக்க நாலு பேர் போதுமாயிருந்தது. ஏரியில் இறக்கியதும் அது வாத்து மாதிரி நிமிர்ந்து நின்றது. என் கணவர் முதல் ஆளாகத் தாவி ஏறினார். கரையில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்டவும் தோன்றவில்லை. மிதப்பதற்கு வைத்ததை எடுத்தேன், மிதக்கிறது. அது எப்படி? யாரைக் கேட்பது? கேட்டால் வாயை மூடு என்பார்கள். சரி, எனக்கு அறை கிடைத்ததே, அது போதும் என்று ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். கொட்டகையைக் கழுவி, பாயை விரித்து, இரண்டு தலையணையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். ஜன்னல் வரவேண்டிய சுவரில் கையை வைத்துப் பார்த்தேன்.

சாயந்திரம் சாப்பிடும்போது மூத்தார் சொன்னார்: "ராவுல போட்டுக்குக் காவலு வோணும்பா. எவனாவது அவுத்துகினு பூடுவான்."

யாரும் இவரைப் போகச் சொல்லவில்லை. சோற்றுக் கையோடு என் கணவர், "நான் போட்லயே படுத்துக்கறேண்ணா. தெனிக்கும் நானே போறேன்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கிணற்றடியில்கூடப் பார்த்ததில்லை.

அழுகை வந்ததா ஆத்திரம் வந்ததா, தெரியவில்லை. கொட்டகையில் போய் நின்றேன். டார்ச் லைட்டை இடுக்கிக்கொண்டு என் பின்னாலேயே அவர் வந்தார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவர் குனிந்து இரண்டு தலையணைகளையும் மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தார்.

"இதுல ஈரம் இல்லாதது எது மே?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தேன்.