கைதட்டினால் திரும்பிப் படுக்கும் மாமா

உலகத்தில் உள்ள பூட்டுகள் எல்லாம் என் மாமாவைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் வைக்கும். அவர் ஒரு தும்மல் தும்மினால் ஏழு தெருவுக்குக் கதவுகள் திறந்துகொள்ளும். கடலுக்கு ஒரு மூடி இருந்து, அதில் ஒரு பூட்டும் தொங்கினால், அதையும் காலை டீக்கு முன்னால் திறந்து வைத்துவிட்டு வருவார். அப்பேர்ப்பட்டவர் தோற்றுப்போனது ஒரே ஒரு கதவிடம்தான். அந்தக் கதவுக்கு அவர் உள்பக்கம் இருந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, செருப்புக் கடைக்கும் சுவருக்கும் நடுவில் அவருடைய சாவிக்கடை. ஓர் ஆளும் ஒரு ஸ்டூலும் கொள்ளும். பள்ளிக்கூடமும் நானும் பத்தாவதில் பேசிப் பிரிந்துவிட்டதால் நான் அங்கே உதவிக்கு இருக்கிறேன். உதவி என்றால், சாவி செய்ய வருகிறவர்கள் போன பிறகு அவர்களைப் போலவே நடந்து காட்டுவது.

அவர் ஜெயிலுக்குப் போன கதை சின்னது. ஒருவர் வந்து, "வீட்டுச் சாவியத் தொலைச்சிட்டேன், கொஞ்சம் தெறந்து விடுங்க" என்றார். மாமா போய்த் திறந்துவிட்டார். அந்த ஆள் நன்றி சொல்லி, குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார். அது அவர் வீடு இல்லை. தண்ணீரும் அவருடையது இல்லை. ஆள் டிவியோடு மறைந்துவிட்டார். மாமா மறுநாளும் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது போலீசுக்கு வசதியாகப் போயிற்று.

சீக்கிரம் ஜாமீன் கிடைத்துவிடும் என்றார் வக்கீல். ஆனால் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகிற வண்டியில் இடமில்லை. கோர்ட்டுக்குப் போகாததால் ஜாமீன் இல்லை. ஜாமீன் இல்லாதவர்கள் எல்லாம் உள்ளேயே இருந்ததால் ஜெயிலில் இடமில்லை. ஜெயிலில் அத்தனை பேர் இருந்ததால் வண்டியில் இடமில்லை. செக்குமாடுகூட இடையில் தண்ணீர் குடிக்க நிற்கும். மாமா ஒரு வருஷத்துக்கு மேல் நிற்காமல் சுற்றினார். கடைசியில் வழக்கில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

இருபது பேருக்குக் கட்டிய அறையில் எழுபது பேர். மல்லாந்து படுப்பது பணக்காரத்தனம். தீப்பெட்டியில் குச்சி மாதிரி, எல்லாரும் ஒரே பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். ஒருவன் மட்டும் தனியாகத் திரும்ப முடியாது. அதனால் அறைக்குப் பெரியவர் அவ்வப்போது ஒரு தட்டு கைதட்டுவார். வரிசை மொத்தமும் மறுபக்கம் திரும்பும்.

அந்தப் பெரியவருக்கு ஜன்னல் என்று பட்டப்பெயர். அங்கே இருந்த ஒரே ஜன்னலுக்குக் கீழே படுக்கிறவர் என்பதால். வீடு புகுந்து திருடுவதில் பழுத்த அனுபவம். மாமாவுக்கு இளைப்பு உண்டு. போன புதிதிலேயே மூச்சு முட்டி உதடு நீலம் பாரித்துவிட்டது. ஜன்னல் எழுந்து, "ஏய் சாவி, இங்க வந்து படு" என்று தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, கக்கூஸ் கதவோரம் போய்ப் படுத்துக்கொண்டார். மாமா வெளியே வரும்வரை அங்கேதான் படுத்தார். இதைச் சொல்லும்போது மட்டும் மாமா என் கிண்டலுக்குப் பதில் கிண்டல் செய்ய மாட்டார்.

அங்கே நடக்க இடமில்லை, வேலையும் இல்லை. வாய்க்கு மட்டும் இடம் இருந்தது. சைக்கிள் திருடி வந்த பையனுக்குக் கார் திருடியவர் பாடம் எடுத்தார். கார் திருடியவருக்குக் கள்ளக் கையெழுத்துக்காரர் எடுத்தார். மாமாவிடம் பூட்டைப் பற்றிக் கேட்டார்கள். அவரும் பொழுது போகாமல் தரையில் விரலால் வரைந்து சொல்லிக்கொடுத்தார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் வாய்க்காத வாத்தியார்கள் எல்லாம் அங்கேதான் இருந்திருக்கிறார்கள்.

மாமா வெளியே வந்து கொஞ்ச நாளில் எங்கள் பக்கத்தில், பூட்டை உடைக்காமல் நாகரிகமாகத் திறக்கும் திருட்டுகள் ஆரம்பித்தன. மளிகைக்கடைக்காரர் புதுப்பூட்டு போடச்சொல்லி வந்தார்.

"இவனுங்கள எல்லாம் பிடிச்சு உள்ள போடணும் தம்பி. வெளிய விடவே கூடாது."

"உள்ள இடமில்லீங்க" என்றார் மாமா, பூட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நெருக்கிப் போடட்டுமே!"

"நெருக்கித்தாங்க போட்டாங்க. அதான் இப்ப புதுப்பூட்டு கேக்குறீங்க."

மளிகைக்கடைக்காரருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. ஆனாலும் சிரிப்பு வரவில்லை. எனக்கு அப்படி நடப்பது அபூர்வம்.

மதியம் மாமா வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் படுப்பார். கூடம் முழுக்கக் காலியாகக் கிடந்தாலும் சுவரோடு ஒட்டி, ஒருக்களித்து, கைகளை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு படுப்பார். நான் சமையலறை வாசலில் நின்று ஒரு தட்டு தட்டுவேன். தூக்கத்திலேயே அந்தப் பக்கம் திரும்புவார். இன்னொரு தட்டு, இந்தப் பக்கம். எங்கள் வீட்டு மின்விசிறிகூட அவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்காது. "தூங்க விடுடி அவன, பிசாசே!" என்று அம்மா கரண்டியோடு வரும்வரை வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் ஜன்னல் கடைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சோப்புக் கட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். அதில் ஒரு சாவியின் அச்சு பதிந்திருந்தது.

"ஒரே ஒரு சாவி தம்பி. யாரு வீடு என்னன்னு நீ கேக்க வேணாம்."

மாமா சோப்பை எடுத்து அச்சைப் பார்த்துவிட்டு, திரும்ப அங்கேயே வைத்தார்.

"கட்டாயமில்ல. நான் எங்க படுத்தேன்னு மட்டும் ஒரு தடவ நெனச்சுப் பாரு. நாளைக்கு சாயங்காலம் வரேன்."

அவர் போனதும் கேட்டேன். "செஞ்சு குடுத்தா என்ன மாமா ஆகும்?"

"மாட்டினா திரும்ப அங்கதான்."

"முடியாதுன்னு சொல்லிடு."

"அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தா சொல்றது?"

மறுநாள் காலை மாமா அந்தச் சாவியைச் செய்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்னொரு தடவை உள்ளே போனால், ஜன்னலோரத்தை விட்டுக்கொடுக்க அங்கே யார் இருக்கப்போகிறார்கள்?

மதியம் மாமா படுத்தார். ஒரு தட்டு தட்டினேன். திரும்பினார். நல்ல தூக்கம் என்று உறுதி செய்துகொண்டு, ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து சாவியை எடுத்தேன். அவர் பையிலிருந்த அரத்தையே எடுத்து, இருந்ததிலேயே உயரமான பல்லைப் பார்த்து ராவினேன். சாவி திறக்காது, ஜன்னல் நாலு வார்த்தை திட்டுவார், மாமா வீட்டில் இருப்பார். திட்டம் எனக்கே பிடித்திருந்தது.

சாயங்காலம் ஜன்னல் வந்து கையை நீட்டினார். மாமா சாவியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் பல்லைத் தடவினார். என்னைப் பார்த்தார். நான் பஸ்ஸைப் பார்த்தேன். பிறகு சாவியை இடுக்கியில் வைத்து இரண்டாக முறித்தார்.

"அண்ணே, இது மட்டும் என்னால முடியாது. இடத்துக்கு இடம் தரேன். எங்க வீட்ல ஜன்னலோரம் காலியாத்தான் இருக்கு. எத்தன நாள் வேணாலும் படுத்துக்கங்க."

ஜன்னல் கோபப்படுவார் என்று நான் ஸ்டூலுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் முறிந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மல்லாந்து படுக்கலாமா?"

"மல்லாந்து, குறுக்க, எப்படி வேணும்னாலும்."

"வெளிய வந்ததுலேருந்து பஸ் ஸ்டாண்டு பெஞ்சுலதான் தம்பி படுக்குறேன். அதுலயும் ஒருக்களிச்சுத்தான்." சோப்பை எடுத்து அச்சின் மேல் விரலால் தேய்த்தார். "இது எதுக்கு வீணா? குளிக்கவாவது ஆகும். அக்காகிட்ட சாப்பாட்டுக்குச் சொல்லிடு" என்று சொல்லிவிட்டு, துணிப்பையை எடுத்து வரப் போனார்.

மாமா கடையைச் சாத்த ஆரம்பித்தார்.

"எந்தப் பல்ல ராவின?"

"எந்தப் பல்லு?"

"சொல்லுடி."

"மூணாவது."

"அதத்தான் நான் வேணும்னே உயரமா விட்டு வெச்சிருந்தேன், தெறக்கக்கூடாதுன்னு. நீ ராவி ராவி சாவியச் சரி பண்ணிட்ட. அப்படியே குடுத்திருந்தா எவன் வீட்டுக் கதவோ தெறந்திருக்கும்."

"தூங்கிட்டுத்தான இருந்த? தட்டினேன், திரும்பினியே!"

"தூங்குறவனுக்கு எங்கடி தட்டுற சத்தம் கேக்கும்? முழிச்சிருக்கவன்தான் திரும்புவான். அந்த ரூம்ல ஒருத்தனும் தூங்கினதில்ல. அரம் ராவுற சத்தமும் கேட்டுச்சு. எந்தப் பல்லுன்னுதான் அப்ப தெரியல."

"அப்ப இத்தன நாளா நீ..."

"நீ சிரிக்கிறல்ல, அதான் திரும்பினேன்."

நான் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கண்ணில் இரும்புத்தூள் விழுந்துவிட்டது என்றேன்.

மாமா பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்தார்.

"மத்தியானத்துலேருந்து இந்தக் கடையில யாரும் எதையும் ராவலையே" என்றார்.