அம்மா ஏறாத மலை

செண்பகாதேவி அம்மன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் வெள்ளிக்கிழமையானால் அவளை நினைத்து விளக்கேற்றாமல் நான் பச்சைத்தண்ணீர் குடிப்பதில்லை. என் கோபமெல்லாம் மனுஷர் மேல்தான். அதில் நானும் சேர்த்தி.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எட்டு வயதில் எனக்கு வைசூரி கண்டு, பிழைப்பேனா மாட்டேனா என்று கிடந்தேன். பிள்ளை எழுந்தால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு குற்றால மலையேறி, செண்பகாதேவிக்கு மாவிளக்கு ஏற்றுவதாக அம்மா நேர்ந்துகொண்டாள். நான் எழுந்தேன். தென்காசியிலிருந்து விடியும்போதே அப்பா, அம்மா, அத்தை, நான் என்று நாலு பேரும் மாட்டுவண்டியில் கிளம்பினோம். அம்மா முதல் நாளிலிருந்தே பட்டினி. மாவும் அவளே இடித்தது. எனக்கு அதுதான் முதல் மலையேற்றம்.

பெரிய அருவிப் பக்கம் இறங்கியதும் அம்மா அத்தையிடம் ஏதோ கிசுகிசுத்தாள். அத்தை தலையில் அடித்துக்கொண்டு அப்பாவிடம் போய்ச் சொன்னாள்.

"இன்னைக்குத்தானா வரணும்? இதுகூட முன்னாடியே தெரியாதாட்டி ஒனக்கு?" என்று அப்பா பத்துப் பேர் கேட்கக் கத்தினார்.

அம்மா வீட்டுக்கு விலக்காகியிருந்தாள். அதை ஒரு பையனிடம் யார் சொல்வார்கள்? "ஒங்கம்மாவுக்குக் கால் வலியாம். ஏற மாட்டா. நீ வாலே" என்றாள் அத்தை. அம்மா தொட்ட மாவு சாமிக்கு ஆகாதாம். அவள் தன் கையாலேயே அதைக் குரங்குகளுக்குக் கொட்டினாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வழியெல்லாம் செங்குத்து. பாறை வழுக்கியது, கணுக்காலில் அட்டை கடித்தது. ஒவ்வொரு வலிக்கும் அம்மாவைத் திட்டிக்கொண்டே ஏறினேன். சந்நிதியில் கண்ணை மூடி, "தாயே, எங்கம்மா ஒன்னிய ஏமாத்திட்டா" என்று கோள் சொன்னேன். அந்த அம்மனும் பெண்தானே, அவளுக்குத் தெரியாத தீட்டா? பிறகு அருவிக்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றை மூன்று பேருமாக வழித்துத் தின்றோம். கீழே ஒருத்தி வெறும் வயிற்றோடு இருக்கிறாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இறங்கி வந்தபோது அம்மா ஒரு மரத்தடியில் தனியே உட்கார்ந்திருந்தாள். ஏறி வந்துவிட்ட பெருமையில் கோபம் மறந்து, சந்நிதியில் கொடுத்த குங்குமத்தை அவள் நெற்றியில் வைக்க ஓடினேன். பதறிப் பின்வாங்கினாள்.

"ஏலே, அங்கனயே நில்லு! தொட்டுராத ராசா!"

குங்குமத்தை மண்ணில் வீசிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன். "நல்லா ஏறுனியாய்யா?" என்று அவள் எட்ட நின்று கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வண்டி புறப்பட்டது. தீட்டோடு எங்களோடு உட்காரக்கூடாது என்று தென்காசி வரைக்கும் அம்மா வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தாள். தலைக்கு மேல் வெயில். அப்பா ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. நான் வண்டியின் பின்னால் காலைத் தொங்கப்போட்டபடி அவளையே முறைத்துக்கொண்டிருந்தேன். மலையேற முடியாதவள் இவ்வளவு தூரம் நடக்கிறாளே, வலிக்கிற காலா இது என்று வீடு வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.